கடுக்காய் மலையும் உப்பேறிய ஆறும்

வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், மேல்விசாரம் வழியாக இராணிப்பேட்டை வரை நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தின் சூழலியல் வரலாறு பெரும்பாலும் பாலாற்று மணலோடு முடிந்துவிடுகிறது; பள்ளத்தாக்கின் தென்புறத்தில் திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை அதில் இடம்பெறுவது அரிது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையின் இலையுதிர் காடுகளே மழைநீரைச் சருகிலும் வேரிலும் தடுத்து, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் கானாறுகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. பாலாற்றின் பெரிய துணையாறான செய்யாறு பிறப்பதும் இங்கேதான்.

நீரைப் போலவே பதனிடும் சரக்கும் ஒரு காலத்தில் காட்டிலிருந்தும் தரிசிலிருந்தும் வந்தது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப்பொருள், தோலின் புரதமான கொலாஜன் இழைகளோடு பிணைந்து அவற்றை அழுகாமல் காக்கிறது. இவ்வேலை முடியப் பல வாரங்கள் ஆகும். குரோமியம் உப்போ அதே இழைகளை இன்னும் வலுவாகப் பிணைத்து, கொதிநீரையும் தாங்கும் தோலை ஓரிரு நாளில் தந்துவிடுகிறது. 1970களில் பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் காலணியையும் அரசு ஊக்குவித்தபோது, ஆலைகள் பட்டையை விட்டுக் குரோமியத்துக்கு வேகமாக மாறின. வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரில் தங்கிவிடுகிறது.

இதனால் பட்டைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது பிழை. பச்சைத்தோல் கெடாதிருக்க முதலிலேயே தடவப்படும் சோற்றுப்பு, எந்த முறையில் பதனிட்டாலும் ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து வெளியேறியே தீரும். நிலத்தடி நீரை உவராக்கியதில் அதன் பங்கு பெரிது. குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பை அப்படிப் பிரிக்க இயலாது. ஆகவே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வின் வழியே நீரை வடித்து, எஞ்சியதை ஆவியாக்கும் முறைக்குப் போக வேண்டியதாயிற்று. நீர் மீண்டும் ஆலைக்குப் போகிறது. தொழிற்கழிவு கலந்த உப்பு வாங்குவாரின்றிக் குவிகிறது.

இப்பாதிப்பை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, நிலைத்த வளர்ச்சி என்னும் கருத்தை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நிலைத்த வளர்ச்சி என்று 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையம் வகுத்திருந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு ஆகாமல் போனதாகத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. பாலாற்றங்கரைக் கிணறுகளில் மட்டும் அதன் பலன் மெதுவாகவே இறங்குகிறது.

மலையின் கணக்கு இதில் வரவே இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடியினர் (பெயரைக் கொண்டு கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம்) இங்கே மழையை மட்டும் நம்பிச் சரிவுகளில் சாமை விதைத்து, காட்டில் கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்து வாழ்ந்தனர். வெட்டிக் கடத்தப்பட்ட சந்தனம் அருகிப்போனது. பிழைப்பு சுருங்கியபோது செம்மரம் வெட்டும் கூலிக்கு ஆந்திரக் காடுகளுக்குப் போனவர்களில் இம்மலையினரும் உண்டு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். காட்டைக் காத்து நிற்பவர்க்குக் கீழ்நிலத்துத் தொழிலின் வருவாயில் எப்பங்கும் இல்லாதது, வளர்ச்சித் திட்டங்களின் அடிப்படைப் பிழை.

2025 ஜனவரி 30 அன்று பாலாறு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழுவும் வேண்டும் என்று ஆணையிட்டது. ஆற்றை ஆராயும் அக்குழு தன் ஆய்வை ஆம்பூர்ப் பாலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், ஜவ்வாது மலையின் கானாறுகள் வரை கொண்டுசெல்ல வேண்டும்.