குழி தோண்டும் எந்திரத்தின் பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு!

தென்னங்கன்று நடவும், வேலிக்குக் கால் ஊன்றவும் முன்பெல்லாம் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். இப்போது கையில் தூக்கிச் செல்லும் எந்திரம் வந்துவிட்டது. மேலே சிறிய பெட்ரோல் என்ஜின். கீழே திருகு போன்ற அலகு. சில நிமிடங்களில் குழி தயார். கடைகளில் இதை "எர்த் ஆகர்" என்கிறார்கள்.

அலகு வேரிலோ, கல்லிலோ சிக்கினால், பிடித்திருப்பவரின் கையை எந்திரம் முறுக்கிவிடும். ஆகவே பெயர் பெற்ற சரக்கையே வாங்க நினைக்கிறோம். அந்தப் பெயரைப் போலி ஆசாமி ஒட்டிக்கொண்டால்? பணத்தோடு கைக்கும் ஆபத்து.

இதைத் தடுப்பதே "டிரேட் மார்க்" சட்டம். 1999-ல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது.

எந்தப் பெயர் நிற்கும்?

"குழி தோண்டி" என்று பெயர் வைத்தால் பதிவு கிடைப்பது கடினம். அது எல்லோருக்கும் பொதுவான சொல். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இத்தகைய எந்திரம் ஒன்றுக்கு "லிட்டில் பீவர்" என்று பெயர். பீவர் என்பது மரத்தைக் கடித்து வீழ்த்தி, ஆற்றில் அணை கட்டும் விலங்கு. உழைப்பு நினைவுக்கு வருகிறது. செய்யும் வேலையை நேராகச் சொல்லவில்லை. அத்தகைய பெயரே நல்லது.

பதிவு செய்வது எப்படி?

என்ஜினால் ஓடும் எந்திரம் 7-வது வகுப்பு. கையால் திருகும் கருவி 8-வது வகுப்பு. கிணறு துளைத்துக் கொடுக்கும் தொழில் 37-வது வகுப்பு.

தனி நபரும் சிறு தொழில் நடத்துபவரும் கணினி வழியே மனுச் செய்தால், வகுப்பு ஒன்றுக்குக் கட்டணம் ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. மும்பையில் தொழில் செய்பவர் மும்பை அலுவலகத்துக்கும், பெங்களூரில் செய்பவர் சென்னை அலுவலகத்துக்கும் மனுச் செய்ய வேண்டும். மனு ஏற்கப்பட்டு அரசு இதழில் வெளியானபின், மற்றவர்கள் ஆட்சேபிக்க 4 மாத அவகாசம் உண்டு. பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

பதிவு காப்பது பெயரையும் சின்னத்தையும்தான். புதிய நுட்பத்துக்குப் பேடண்ட் தனி. தோற்றத்துக்கு டிசைன் பதிவு தனி.

லேத் பட்டறைக்காரர் கவனிக்க!

பிறர் எந்திரத்துக்கு அலகு செய்து விற்பது டிரேட் மார்க் சட்டப்படி குற்றமா? இல்லை. "இன்ன எந்திரத்துக்குப் பொருந்தும்" என்று உள்ளபடி எழுதலாம். ஆனால் அந்தக் கம்பெனியே செய்ததுபோல் முத்திரை குத்தினால் வம்புதான். போலி முத்திரைக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு. தெரிந்தே விற்கும் கடைக்காரரும் தப்ப முடியாது.

பதிவு செய்யாவிட்டால்?

பல ஆண்டு புழங்கிய பெயரை வேறொருவர் பறித்தால், பதிவு இல்லாமலும் சிவில் வழக்குப் போடலாம். ஆனால் பெயர் நம்முடையது என்பதை நாமே நிரூபிக்க வேண்டும். முதல் பில், விளம்பரம், கணக்குப் புத்தகம் இவையே சாட்சி.

எனவே சொந்தப் பட்டறை வைக்க நினைப்பவர்கள், பெயர்ப் பலகை எழுதும் முன்பே அந்தப் பெயர் வேறு எவருக்காவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதல் நாள் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.