குப்புறக் கவிழும் நாற்காலி

1811 ஜூலையில் லண்டனில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் ஒரு நாற்காலியின் படம் இருந்தது. பத்திரிகையை நடத்தியவர் ருடால்ப் ஆக்கர்மன். நாற்காலியைச் செய்தவர்கள் கேத்தரின் தெருவில் கடை வைத்திருந்த மார்கன், சாண்டர்ஸ் என்ற இருவர். பார்வைக்கு அது கைப்பிடி வைத்த சாதாரண நாற்காலி. சாய்மானத்தைப் பிடித்துத் தூக்கி முன்பக்கமாகக் கவிழ்த்தால் போதும், நான்கு படிகள் கொண்ட சிறு படிக்கட்டாகிவிடும்!

அக்காலத்து இங்கிலாந்தில் வசதியானவர்களின் வீட்டில் நூலகத்துக்கென்றே தனி அறை இருக்கும். அலமாரிகள் கூரையை எட்டிப் பிடிக்கும். கனத்த புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வைப்பார்கள். அப்போதுதான் அலமாரியின் எடை தாழ்வாக இருந்து, அது சாயாமல் நிற்கும். சிறிய புத்தகங்கள் மேலே போய்விடும். அவற்றை எடுக்க ஏறித்தான் ஆக வேண்டும். அழகாக அலங்கரித்த அறையில் ஏணியைச் சாத்தி வைக்க யாருக்கு மனம் வரும்? அதனால் ஏணியை ஒளித்து வைத்தார்கள். 1774லேயே ராபர்ட் காம்பெல் என்பவர் மேசைக்குள் மடங்கி ஒளியும் படிகளுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்.

சரி, நாற்காலிக்கு வருவோம். ஏறும்போது அது மறுபடி நாற்காலியாக மடங்கிவிடாதா? உட்காரும்போது திடீரென்று படிக்கட்டாகிவிடாதா?

இதற்கு விடை, கீலை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. கதவைத் திறந்து மூட உதவுகிறதே, அதே கீல்தான். நாற்காலியின் மேல்பாதியையும் அடிப்பாதியையும் இணைக்கும் அதை இருக்கையின் முன்விளிம்பில் பொருத்தினார்கள். நீங்கள் உட்காரும்போது உங்கள் எடை கீலுக்குப் பின்னால் விழுகிறது. அந்த எடை மேல்பாதியைக் கீழ்நோக்கி அழுத்தி, மூடியபடியே வைத்திருக்கிறது. இப்போது சாய்மானத்தோடு இருக்கையைத் தூக்கிக் கவிழ்க்கிறீர்கள். கவிழ்ந்த பாதி கீலுக்கு முன்னால் வந்து தரையில் ஊன்றுகிறது. அதன் மேல் கால் வைத்தால், எடை இப்போது கீலின் மறுபக்கத்தில் விழுகிறது. திறந்ததை இன்னும் திறக்கத்தான் அது பார்க்கும். ஆனால் தரை குறுக்கே நிற்கிறதே, எங்கே போகும்? ஆக, நாற்காலியை மூடி வைப்பதும் நம் எடைதான், படிக்கட்டை விரித்து வைப்பதும் நம் எடைதான். பாடப்புத்தகத்தில் திருப்புத்திறன் என்று படிப்பீர்கள். விசை கீலுக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ, அதைப் பொறுத்துத் திரும்பும் திசை மாறும்.

இன்னொரு லாபமும் உண்டு. விரிந்தபின் அடிப்பாகம் நாற்காலியாக இருந்ததைவிட நீளமாகிறது. மேலே நிற்பவரின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு போட்டால், அது கால்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழ வேண்டும். வெளியே போனால் ஆள் கவிழ்ந்துவிடுவார். எட்டாத புத்தகத்துக்காக உடம்பை ஒரு பக்கமாக வளைத்து எட்டுவது ஏன் ஆபத்து என்று இப்போது புரிந்திருக்கும்.

அதே காலத்தில் இன்னொரு வகை ஏணியும் இருந்தது. மூடினால் வழவழப்பான ஒரே கம்பம். மூலையில் சாத்தி வைத்தால் ஏணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு நெடுங்கால்களின் உட்புறத்தையும் குடைந்து, குறுக்குப்படிகளின் முனைகளை ஆணியில் சுழலும்படி மாட்டியிருப்பார்கள். ஒரு காலை மற்றதைவிட மேலே தள்ளினால் படிகள் எல்லாம் ஒரேயடியாகச் சாய்ந்து பள்ளத்துக்குள் போய்விடும்.

இதை அட்டையில் செய்து பாருங்கள். நான்கு பட்டைகளை வெட்டி, மூலைகளில் குண்டூசி குத்திச் செவ்வகமாக்குங்கள். பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் அது சாய்ந்து இணைகரமாகும். இன்னும் தள்ளினால் தட்டையாகப் படுத்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது பட்டையைக் குத்துங்கள். இப்போது அசைகிறதா? அசையாது. இரண்டு முக்கோணங்கள் உருவாகிவிட்டன. பக்கங்களின் நீளம் மாறாமல் முக்கோணத்தின் வடிவம் மாறாது. ஆனால் கம்ப ஏணிக்கு அந்த ஐந்தாவது பட்டையை வைக்க முடியாது. வைத்தால் மடங்காது. தரையிலும் அலமாரியிலும் அழுந்தி நிற்கும் பிடிப்பை, அதாவது உராய்வை, நம்பித்தான் அதில் ஏற வேண்டும். என்னைக் கேட்டால், நாற்காலியில் மட்டும்தான் ஏறுவேன்.

இந்தச் சாமான்களில் நிறைய மகோகனி மரத்தால் செய்யப்பட்டவை. கரீபியன் தீவுகளிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த மரம். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு உப்பி நிலையில் இறுகிக்கொள்கிறதே, அந்தத் தொல்லை இங்கும் வரலாம். மரம் ஈரத்தை உறிஞ்சினால் நார்களுக்குக் குறுக்கே உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. நாற்காலியின் இரண்டு பாதிகளும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதால் உப்பலும் முறுக்கலும் குறைவான மரத்தைத் தேடினார்கள். கீல்களுக்குத் துருப்பிடிக்காத பித்தளை.

அமெரிக்காவில் அறிவியலாளர் பெஞ்சமின் பிராங்க்ளினிடமும் படிகள் ஒளிந்த நூலக நாற்காலி ஒன்று இருந்தது. ஆனால் 80 வயதில் ஏறினால் தலை சுற்றும் அல்லவா? 1786இல் அவர் நீண்ட கை ஒன்றைப் பற்றி எழுதி வைத்தார். 8 அடி நீளமான பைன் மரக்கோல். அதன் நுனியில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போல இரண்டு மெல்லிய பட்டைகள். அவற்றை நெருக்க ஒரு கயிறு. விரல்களைப் புத்தகத்தின் இரு பக்கமும் நுழைத்துக் கயிற்றை இழுத்தால், அவை புத்தகத்தைக் கவ்விக்கொள்ளும். மறு வருடம் அவரைப் பார்க்க வந்த மனாசே கட்லர் என்ற பாதிரியார் அந்தக் கையைப் பார்த்தார். கூடவே, காலை லேசாக அசைத்தால் தலைக்கு மேல் விசிறி வீசி ஈயை விரட்டும் ஆடும் நாற்காலி ஒன்றையும் பார்த்துவிட்டுப் போய் எழுதி வைத்திருக்கிறார்.