நாட்பட்ட தலைவலியும் கழுத்துச் சிகிச்சையும்

மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ வருவதாய், 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தலைவலியை நாட்பட்ட தலைவலி என்பர். ஒற்றைத் தலைவலியும் தசை இறுக்கமும் இதற்குப் பெருங்காரணங்களாகும். மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை உண்பவர்க்கு அம்மாத்திரையே நோயை வளர்த்துவிடுவதும் உண்டு.

கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் தண்டுவடத்தின் மேல்முனையில் ஒன்றுகூடுகின்றன. ஆகவே கழுத்து மூட்டில் தோன்றும் நோவு சிலருக்கு நெற்றியில் உணரப்படுகிறது. இத்தகையோர்க்குக் 'கைரோபிராக்டிக்' எனும் கைமுறைச் சிகிச்சை ஓரளவு பயன் தரலாம். 1895-இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் தொடங்கிய முறை இது. ஒற்றைத் தலைவலிக்கு இது பயன்படும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

கழுத்தைச் சட்டெனத் திருப்புகையில், அரிதாக, மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் நேரக்கூடும். முடிதிருத்தகத்தில் கழுத்தை நெட்டி முறித்துக்கொள்வதிலும் இவ்வபாயம் உண்டு.

திடீரெனத் தோன்றும் கடுந்தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பார்வை மங்கல் ஆகியவற்றுள் எது காணினும், கழுத்தில் எவரையும் கைவைக்க விடாது நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மற்றையோர், வலி வந்த நாளையும் மாத்திரை உண்ட நாளையும் குறித்து வருமாறு செய்க. மருத்துவருக்கு அக்குறிப்பு நல்ல வழிகாட்டியாகும்.