கணக்கேட்டில் ஒரு வரி: புதுமைப்பித்தன் கதைகளில் எளியோர் குறியீடாதல்

முன்னுரை

இலக்கியத்தில் குறியீடு என்றவுடன் விளக்கு, ஆறு, பறவை, முள் போன்ற பொருள்களே பெரும்பாலும் நினைவிற்கு வருகின்றன. மனிதரும் குறியீடாவதுண்டு. அரசரும் வீரரும் தெய்வங்களும் குறியீடாவதில் வியப்பில்லை. அவர்கள் தோன்றும்போதே தம்மைக் கடந்த ஒரு பொருளைச் சுமந்து வருகின்றனர். கடைக் குமாஸ்தாவும் ஆலைக் கூலிப்பெண்ணும் சந்தாதாரரைத் தேடி அலையும் பத்திரிகைக்காரரும் குறியீடாவது எவ்வாறு என்பதே விளக்கம் வேண்டி நிற்கும் வினாவாகும்.

வகுப்பறையில் இவ்வினாவிற்கு எளிய விடையொன்று வழங்கி வருகிறது. இன்ன பாத்திரம் நடுத்தர வர்க்கத்தின் குறியீடு, இன்ன பாத்திரம் வறுமையின் குறியீடு என மாணவர் எழுதுவர். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். அவ்விடையைத் தவறென்று ஒதுக்க இயலாது. ஆயினும் வாசிப்பு அத்துடன் நின்றுவிடின், கதைக்குள் இருந்த மனிதர் மறைந்து வர்க்கம் மட்டுமே எஞ்சும். எளிய மனிதர் தம் தனித்தன்மையை விடாது பற்றியிருப்பதாலேயே குறியீடாகின்றனர் என்பதைப் புதுமைப்பித்தனின் (1906–1948) மூன்று சிறுகதைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மரபு காட்டும் இரு வழிகள்

தனிமனித வாழ்வைப் பொதுமைப்படுத்தத் தமிழ் மரபு முதலில் கண்ட வழி பெயரை நீக்குவதாகும். அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது எனத் தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே அங்கு வழங்குகின்றன. பெயரின்மையால் அவ்வுணர்வு எவருக்கும் உரியதாகிறது. எனினும் இப்பொதுமைக்கு ஓர் எல்லையும் இருந்தது. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறமாகிய கைக்கிளை, பெருந்திணைக்கு உரியோராக உரையாசிரியர்கள் கொண்டனர். ஆகவே அகமாந்தர் 'எல்லாரும்' ஆயினும், எளியோர் அதில் முழு இடம் பெற்றனர் எனல் இயலாது.

இரண்டாம் வழியைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். வேந்தர் அல்லாத வணிகக் குடியினரைத் தலைமக்களாகக் கொண்டமையால் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் இதனைக் குடிமக்கள் காப்பியம் எனச் சுட்டினார். இங்கு மாந்தருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, குலம் உண்டு. ஆயின் கண்ணகி குறியீடாவது எளிமையைக் கடந்து உயர்வதால் ஆகும். இமயத்துக் கல்லில் பத்தினித் தெய்வமாக அவள் நிறுவப்படுகிறாள். அடைக்கலம் தந்த ஆயர்குல மாதரி, தன்பால் ஒப்படைக்கப்பட்டவரைக் காக்க இயலாத துயரில் தீப்புகுந்தவள். எனினும் சேரன் கோயில் எடுப்பது கண்ணகிக்கே. பெயரை நீக்குதல் ஒரு வழி. மனிதரை உயர்த்துதல் மற்றொரு வழி. பெயரோடும் எளிமையோடும் இருந்தவாறே ஒருவர் பெரும்பொருள் தரும் மூன்றாம் வழியை நவீனச் சிறுகதை வகுத்தது.

முக்கால் ரூபாய்

1934ஆம் ஆண்டில் வெளிவந்த 'பொன்னகரம்' கதையின் அம்மாளு ஆலையில் கூலிவேலை செய்பவள். கணவன் முருகேசன் குதிரைவண்டிக்காரன். வண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான். அவன் கேட்கும் பால்கஞ்சிக்குக் கையில் காசில்லை. தண்ணீர் எடுக்கச் சென்றவள், தன்மீது கண் வைத்திருந்த ஒருவனுடன் சந்தின் இருளில் மறைந்து முக்கால் ரூபாய் ஈட்டித் திரும்புகிறாள். இறுதியில் கதைசொல்லி, கற்பைப் பற்றி ஓயாது பேசுவோரை நோக்கி ஏளனத்துடன் திரும்புகிறான்.

கணவனுக்காக ஊரை எரித்தவள் கற்பின் குறியீடானாள் எனில், கணவனுக்காகத் தன்னை விற்றவளை எப்பெயரால் அழைப்பது? இவ்வினாவைக் கதை நேராக எழுப்பவில்லை. கற்பு என்னும் சொல்லே அதனை எழுப்புகிறது. அம்மாளுவைக் கதை தெய்வமாக்கவில்லை, இழிவுபடுத்தவுமில்லை. அவளுடைய முக்கால் ரூபாய் ஒரு கணக்கு. பால்கஞ்சிக்கு உரிய விலை. அத்தொகை அத்துணைத் துல்லியமாகச் சொல்லப்படுவதால்தான் 'வறுமை' என்னும் பொதுச்சொல்லுக்குள் அவளை அடக்க முடிவதில்லை.

பற்று

'மனித யந்திரம்' (1937) தன் தலைப்பிலேயே குறியீட்டை அறிவித்துவிடும் கதையாகும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை பல்லாண்டுகளாக ஒரு கடையில் குமாஸ்தாவாக இருந்து, பிறர் பற்றுவரவைப் பிழையின்றி எழுதி வருபவர். ஓர் இரவு கடைப்பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட எண்ணி இரயில் நிலையம் வரை செல்கிறார். பின்னர் மனம் மாறித் திரும்பிப் பணத்தை வைத்துவிடுகிறார். இடையில் செலவான சில்லறையையும் மறவாது தம் பெயரில் பற்று எழுதுகிறார்.

தலைப்பை மட்டும் நம்பினால் விடை எளிது: பிள்ளை இயந்திரம், இயந்திரம் தடம் மாறாது. ஆனால் அந்தப் பற்றுவரி அவ்விடைக்கு முழுதும் உடன்படுவதில்லை. அது பல்லாண்டுப் பழக்கத்தின் செயலா, அச்சத்தின் செயலா, மனச்சான்றின் செயலா? மூன்றும் அங்கு ஒன்றாகவே நிற்கின்றன. திருட்டை மறைக்க விரும்பும் ஒருவர் அச்சில்லறையை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியமையால் அவர் இயந்திரமாகவும், இயந்திரத்தினும் மேம்பட்டவராகவும் ஒருங்கே தோன்றுகிறார். இவ்விருமையே குறியீட்டின் உயிர் எனலாம்.

வரவு

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) கதையில் குறியீட்டு உறவு தலைகீழாகிறது. சென்னைத் தெருவில் எதிர்ப்படும் கடவுளைச் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை உறவினராகக் காட்டி வீட்டிற்கு அழைத்துச் செல்கிறார். வரம் கொடுக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளலாகாது என்பதில் அவர் தொடக்கத்திலேயே உறுதியாக இருக்கிறார். நடனம் ஆடிப் பிழைக்கலாம் என்னும் கடவுளின் முயற்சியும் வெற்றி பெறுவதில்லை. மனிதரிடமிருந்து விலகி நின்று வரம் தரலாமேயன்றி உடனிருந்து வாழ்தல் இயலாது என்னும் முடிவிற்குக் கடவுள் வருகிறார். அவர் மறைந்தபின் எஞ்சுவது, 25 ரூபாய் ஆயுள் சந்தா வரவாக எழுதப்படும் கணக்கேட்டு வரி.

மரபில் கடவுள் அளவுகோல், மனிதர் அளக்கப்படுபவர். இங்கோ வாடகையும் காப்பியும் சந்தாவும் கொண்ட அன்றாட வாழ்வே அளவுகோலாகிறது, அளக்கப்படுபவர் கடவுள். கந்தசாமிப் பிள்ளை இதற்கெனப் பெருமனிதராக உயர்த்தப்படவில்லை. கடவுளிடமும் சந்தா வாங்கும் சிறு சாமர்த்தியம் அவரிடம் இறுதிவரை மாறாதிருக்கிறது. அச்சிறுமையை நீக்கிவிட்டால் கதையின் பெரும்பொருளும் நீங்கிவிடும்.

வகைமாதிரியும் குறியீடும்

மூன்று கதைகளிலும் திருப்பம் ஒரு சிறு தொகையில் நிகழ்வதைக் காணலாம். வகைமாதிரி என்பது பலருக்குப் பொதுவான கூறுகளின் தொகுப்பு. குமாஸ்தாக்கள் பலருள் எவரையும் அங்கு வைக்கலாம். குறியீடாகும் மனிதரை அவ்வாறு மாற்றிவைக்க இயலாது. பொதுமைக்கு அடங்காத ஒரு விவரம் அவரிடம் இருக்கிறது. அதன் வழியாகவே பெரும்பொருள் நுழைகிறது. ஆகவே, 'இவர் எதன் குறியீடு?' என்று கேட்பதோடு அமையாமல், 'அவ்விடைக்கு அடங்காமல் நிற்கும் விவரம் எது?' எனவும் ஆசிரியர் மாணவரிடம் கேட்டல் நன்று.

இவ்வினா மலேசியத் தமிழ் இலக்கிய வாசிப்பிற்கும் இன்றியமையாதது. புதுமைப்பித்தனே 'துன்பக் கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற மருதியின் வாழ்வை எழுதினார். இங்குப் பால்மரம் வெட்டிய தொழிலாளர் நம் புனைகதைகளில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் (1942–1943) கொண்டு செல்லப்பட்ட தமிழர் பலர் தம் பெயர் எங்கும் பதியப்பெறாமலே மாண்டனர். அவர்களைத் 'துயரத்தின் குறியீடு' என்று மட்டும் எழுதி முடிப்பது, வரலாறு ஒருமுறை அழித்த பெயரை வாசிப்பு மறுமுறை அழிப்பதாகும். புனைகதையில் ஒரு தொழிலாளிக்குப் பெயரும் பேச்சும் பிடிவாதமும் வாய்க்கும்போதே, பெயரற்றுப் போனோரின் சார்பில் அவர் நிற்கும் தகுதி பெறுகிறார்.

முடிவுரை

அகமரபு பெயரை நீக்கியும், காப்பியம் தெய்வமாக்கியும் மனிதரைப் பொதுமைப்படுத்தின. புதுமைப்பித்தன் எளியோரை எளியோராகவே விட்டுவைத்து, அவர்தம் பற்றிலும் வரவிலும் பெரும்பொருளைத் தங்கச் செய்தார். அப்பொருளைக் கற்பிக்க விழைவோர் கணக்கேட்டின் கூட்டுத்தொகைக்கு விரையாமல், ஒவ்வொரு வரியையும் நின்று வாசித்தல் வேண்டும்.