திருவண்ணாமலையும் யாத்ரீகர் கழிப்பிடமும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் கூடும் ஜனங்களைத் துல்லியமாய் எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. பல லட்சம் என்பது மட்டும் நிச்சயம். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் அந்தி வேளையில் தீபம் ஏற்றப்படும்போது லட்சக்கணக்கான கைகள் ஒருங்கே குவியும் காட்சியைக் கண்டவர்கள் ஆயுளில் மறக்க மாட்டார்கள். அக்கூட்டம் தீபத்தைத் தரிசித்த மறுகணமே கலைந்துவிடுவதில்லை. இரவு முழுவதும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிறது. அன்னதானப் பந்தல்களில் உண்கிறது. சாலையோரத்திலும் வண்டிகளிலும் படுத்துறங்குகிறது. சரீரத்திற்கு இயற்கை விதித்த கடன்களையும் அங்கேயே கழிக்கிறது. கடைசியாகச் சொன்ன விஷயத்தைப் பத்திரிகையில் எழுதுவது மரியாதைதானா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். முகஞ் சுளித்து அப்பால் சென்றதனாலேயே அது இந்நிலையில் இருக்கிறது என்று நாம் கருதுவதால் எழுதத் துணிகிறோம்.

யாத்ரீகர்களில் பெரும்பாலோர் பஸ்களிலும் வான்களிலும் வருகிறவர்கள். வேலூர், செங்கம், திண்டிவனம், மணலூர்ப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து வரும் சாலைகளில் நகருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்களும் வண்டி நிறுத்துமிடங்களும் அமைக்கப்படுகின்றன. ஓரிரவுக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு சிற்றூர் ஆகிவிடுகின்றன. மேல்நாடுகளில் குடும்பத்தோடு பிரயாணம் செய்வதற்கென்று வீடு போன்ற வண்டிகள் உண்டு. அவற்றில் கழிப்பறை உண்டு. அதன் அடியில் கழிவைத் தாங்கும் தொட்டியும் உண்டு. அத்தொட்டியை அதற்கென ஏற்பட்ட இடத்தில்தான் திறந்துவிடலாம். நம்முடைய வான்களில் ஐம்பது பேர் உட்கார இடம் இருக்கும், ஒரு சொம்புத் தண்ணீருக்கு இடம் இராது. ஆகவே அங்கே வண்டிக்காரன் சுமக்கும் பொறுப்பை இங்கே வண்டி நிற்கும் நிலம் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு முன் அதிகாரிகள் கூடி, இத்தனை தற்காலிகக் கழிப்பிடங்கள், இத்தனை நடமாடும் கழிப்பறைகள் என்று அறிவிக்கிறார்கள். அவற்றை அமைப்பவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கழிப்பறைகளை எண்ணுவது பிரச்னையின் முதற்பாதி மாத்திரமே. நிறைந்த தொட்டி எங்கே போகிறது என்பதே மறுபாதி. அதைப் பற்றி அறிக்கைகளில் ஒரு வரி இருந்தால் அதிகம்.

சிறிது கணக்குப் பார்ப்போம். ஒருவருக்கு நான்கு நிமிஷம் என்று வைத்தால் ஓர் இருக்கையை மணிக்கு 15 பேரும், இராப்பகலாக 24 மணியில் 360 பேரும் உபயோகிக்கலாம். ஊற்றும் நீரையும் சேர்த்துத் தலைக்கு மூன்று லிட்டர் என்றால் 1,080 லிட்டர் சேர்கிறது. அதாவது ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு நாள் தாங்காது. இரண்டு இருக்கைகளுக்கு ஒரே தொட்டி என்றால் அரை நாள்கூடத் தாங்காது. இனி மொத்தக் கூட்டத்தைப் பத்து லட்சம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். தலைக்கு ஒரு தடவை வீதம் முப்பது லட்சம் லிட்டர் ஆகிறது. ஆறாயிரம் லிட்டர் கொள்ளும் கழிவுநீர் லாரியில் 500 நடை. பாதிப் பேர் விடுதிகளிலும் வீடுகளிலும் வசதி பெற்றார்கள் என்று கழித்தாலும் 250 நடை மிஞ்சுகிறது.

அந்த 250 நடைகளும் எவ்வழியே போகும்? தீபத்தன்று மாலை கிரிவலப் பாதையில் சைக்கிள் போக இடமில்லை. தொட்டி நிரம்பும் நேரமும் பாதை அடைபடும் நேரமும் ஒன்றாய் அமைந்துவிடுகின்றன. முன்யோசனை இல்லாத இடத்தில் அப்பொழுது மூன்றில் ஒன்றுதான் நடக்கக்கூடும். கழிப்பறையைப் பூட்டிவிடலாம், அல்லது இருட்டில் குழாயைத் திறந்து வாய்க்காலில் விடலாம், அல்லது ஒரு மனிதனை வாளியுடன் இறக்கலாம்.

பூட்டினால் ஆண்கள் வேலியோரம் ஒதுங்குவார்கள். பெண்களோ இதை முன்கூட்டியே அறிந்து, அன்று காலை முதலே தண்ணீர் அருந்தாமல் நடக்கிறார்கள். குழந்தையைத் தோளில் சுமந்து, தாகத்தை அடக்கி, இராப்பொழுதில் 14 கிலோமீட்டர் நடக்கும் தாயின் விரதத்தை எந்த சாஸ்திரமும் விதிக்கவில்லை. வாய்க்காலில் விட்டாலோ, மலையைச் சுற்றிலும் குளங்களும் தீர்த்தங்களும் நிறைந்த ஊர் இது. தாழ்வான இடத்துக்கு எல்லாம் ஓடி வரும். பதினைந்தாம் நாள் காய்ச்சலோ பேதியோ கண்டவருக்கு அது திருவிழாவில் பெற்றது என்று தோன்றவும் தோன்றாது.

மூன்றாவது வழியைப் பற்றிச் சட்டம் அறிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் வருஷத்துச் சட்டம், கழிவு முற்றிலும் மக்குமுன் கையால் அள்ளவேண்டிய நிலையிலுள்ள கழிப்பிடம் எதையும் சுகாதாரக் கேடான கழிப்பிடம் என்கிறது. அத்தகையதைக் கட்டுவதை அதன் 5-ஆவது பிரிவு தடுக்கிறது. ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் அத்தடை உண்டு. தற்காலிகமானது, மூன்று நாள் திருவிழாவுக்கானது என்ற விலக்கு அப்பிரிவில் இல்லை. பாதுகாப்பில்லாமல் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 7-ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் முதற் குற்றத்துக்கே இரண்டு வருஷம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் தரவேண்டுமென்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. எனவே, வண்டியும் குழாயும் எட்டாத இடத்தில் கழிப்பிடம் வைப்பது நிர்வாகக் குறை மாத்திரமல்ல. சட்ட விரோதத்தின் வாசலில் நிற்பதாகும்.

1915-இல் ஹரித்வார் கும்பமேளாவில் காந்தியடிகளும் பீனிக்ஸ் ஆசிரமத்தினரும் ஏற்றுக்கொண்ட சேவை இதுவே. கழிப்பிடமாக வெட்டிய குழிகளில் கழிவை மண்ணிட்டு மூடிச் சுத்தமாக வைத்தார்கள். கூலிக்கு ஆள் வைத்துச் செய்யவிருந்த வேலையைத் தாமே கேட்டுப் பெற்றார்கள் என்பதை நம் தொண்டர்கள் நினைவிற்கொள்ளலாம். ஆனால் முறையை அப்படியே பின்பற்ற முடியாது. ஹரித்வாரில் அது சித்திரை வெயில். திருவண்ணாமலையில் கார்த்திகை என்பது அடைமழைக் காலம். 2024-இல் தீபத்துக்குச் சில தினங்கள் முன்புதான் புயல் மழையில் மலைச்சரிவு ஏற்பட்டு எழுவர் மாண்டனர். அந்த ஈரத்தில் குழி வெட்டினால் கழிவு இறங்காது, தண்ணீர்தான் ஏறும். இங்கே வேண்டியது மூடிய தொட்டியும், உறிஞ்சும் லாரியும், சுத்திகரிக்கும் நிலையமும்.

இதெல்லாம் பணக்கார தேசத்துக்கே ஆகும் என்பார்கள். பணக்கார தேசமும் தவறியிருக்கிறது. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்னுமிடத்தில் நடக்கும் சங்கீத விழாவில் 2014-இல் கழிவுத் தேக்கம் கசிந்து ஓடையில் கலந்து மீன்கள் மடிந்தன. 2016-இல் நீதிமன்றம் விழா நடத்தியவர்கள்மேல் அபராதமும் செலவுமாக 31,000 பவுன் விதித்தது. பெயரும் புகழும் பெற்ற விழா என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை. மறுபுறம் நம் செங்கற்பட்டு ஜில்லாவிலேயே கருங்குழி என்ற சிறு பேரூர் 2017-இல் கழிவுச் சேற்றுக்கென்று தனிச் சுத்திகரிப்பு நிலையம் பெற்றது. கருங்குழிக்குச் சாத்தியமானது, 2024-இல் மாநகராட்சி அந்தஸ்து பெற்ற திருவண்ணாமலைக்குச் சாத்தியமாகாதா?

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. திருவிழாவுக்கான வரைபடத்தில் போலீஸ் நிற்குமிடமும் ஆம்புலன்ஸ் செல்லும் வழியும் குறிக்கப்படுவதுபோல, கழிவுநீர் லாரி செல்லும் வழியும் குறிக்கப்பட வேண்டும். கழிப்பிடங்களைப் பாதையின் மலைப்பக்கத்தில் அல்லாமல், பின்புறமாகச் சாலை வந்து சேரும் வெளிப்பக்கத்தில் வைக்க வேண்டும். பாதை அடைபடும் மாலைக்கு முன் எல்லாத் தொட்டிகளையும் ஒருமுறை காலி செய்துவிட வேண்டும்; இரவு முழுவதற்கும் போதுமான கொள்ளளவு அப்பொழுது மிஞ்சியிருக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடங்களில் இடநெருக்கடி இல்லையாதலால் பெரிய தொட்டிகளை அங்கேதான் புதைக்க வேண்டும். பெண்களுக்கான இருக்கைகளும் அங்கேதான் அதிகம் வேண்டும். சித்ரா பௌர்ணமிக்கும் மாதாந்தரப் பௌர்ணமிகளுக்கும் அவையே உதவும்.

குத்தகைப் பத்திரத்திலும் ஒரு ஷரத்து மாற வேண்டும். எத்தனை கழிப்பறை நிறுத்தினாய் என்று கணக்கிட்டுப் பணம் கொடுத்தால் குத்தகைதாரர் கழிப்பறையைத்தான் நிறுத்துவார். எத்தனை லாரிக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டி ரசீது பெற்றாய் என்று பார்த்துக் கொடுத்தால் அவரே லாரிக்கு வழி கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பார். பாக்கித் தொகையை அந்த ரசீதுகள் கைக்கு வந்து சேரும்வரை மாநகராட்சி நிறுத்திவைக்கலாம்.