எஞ்சின் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? எண்ட்கேம் பற்றிச் சில குறிப்புகள்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம், அதுதான் கடைசி. இருவருக்கும் தலா 6.5 புள்ளி. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் எஞ்சின்களின் கணிப்பு டிராதான். 55-வது நகர்வில் டிங் லிரன் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். (யானை என்று நான் சொல்வது ரூக்கை. சில ஊர்களில் அதைக் கோட்டை என்பார்கள்.) அவ்வளவுதான், கணிப்பு மொத்தமாகக் கறுப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது.

அந்த நகர்வில் ஒரு காய்கூட வெட்டுப்படவில்லை. குகேஷுக்கு அப்போதும் அதே ஒரு சிப்பாய்தான் கூடுதல். அப்படின்னா எஞ்சின் எதைப் பார்த்து மனசை மாத்திக்கிச்சு?

நான் புரிந்துகொண்ட வரையில், எண்ட்கேமில் எஞ்சின் காட்டும் எண் மூன்று வேறுவேறு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று மதிப்பீடு, இரண்டாவது தேடல், மூன்றாவது டேபிள்பேஸ். மூன்றுமே திரையில் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரியும். ஆனால் மூன்றையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது.

முதலில் மதிப்பீடு. பழைய எஞ்சின்கள் காய்களுக்கு விலை போட்டன: சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9. அதோடு இடத்துக்கும் மதிப்பு உண்டு. ஆட்டத்தின் நடுவில் ராஜா மூலையில் பதுங்கினால் நல்லது; காய்கள் குறைந்த பிறகு அதே ராஜா நடுக்கட்டத்துக்கு வந்து வேலை செய்ய வேண்டும். அதனால் ஆட்டநடுவுக்கு ஒரு பட்டியல், எண்ட்கேமுக்கு ஒரு பட்டியல் என்று வைத்துக்கொண்டு, காய்கள் குறையக் குறைய ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறுவார்கள். 2020-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் இந்த வேலையில் ஒரு நியூரல் நெட்வொர்க்கும் சேர்ந்துகொண்டது. எப்படிச் செய்தாலும் மதிப்பீடு என்பது அனுபவசாலியின் ஊகம் மாதிரிதான்.

ஊகம் எங்கே சறுக்கும்? வெள்ளையிடம் ராஜா, ஏ வரிசையில் ஒரு சிப்பாய், கறுப்புக் கட்டங்களில் ஓடும் ஒரு பிஷப். எதிரே கறுப்பு ராஜா மட்டும். காய்க்கணக்கில் வெள்ளைக்கு 4 கூடுதல். ஆனால் சிப்பாய் ராணியாக வேண்டிய ஏ8 வெள்ளைக் கட்டம். கறுப்பு ராஜா அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் பிஷப்பால் அவரைக் கிளப்பவே முடியாது. சுத்தமான டிரா. இதற்கென்று தனி விதி எழுதி வைக்காத எஞ்சின், ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு பிஷப்பை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருக்கும்.

அடுத்தது தேடல். நான் இதை ஆடினால் அவர் அதை ஆடுவார், அதற்கு நான் இதை... என்று கிளைகளை விரித்துப் பார்ப்பது. எல்லாக் கிளையையும் பார்க்க நேரம் போதாது என்பதால் தேவையில்லாதவற்றை வெட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு கெட்டிக்காரத் தந்திரம் இருக்கிறது: “என் முறையை ஆடாமல் விட்டுக்கொடுத்தாலும் என் நிலைமை அமோகமாக இருக்கிறதென்றால், ஆடினால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும்? இந்தக் கிளையை மேலே பார்க்க வேண்டாம்.”

எண்ட்கேமில் இந்தத் தந்திரம் காலை வாரிவிடும். வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வெள்ளை ஆட வேண்டியிருந்தால் டிரா. அதே நிலையில் கறுப்பு ஆட வேண்டியிருந்தால் வெள்ளைக்கு வெற்றி. அதாவது, ஆடியே ஆகணும் என்ற கட்டாயம்தான் இங்கே தண்டனை. ஸுக்ஸ்வாங் என்பது இதைத்தான். அதனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலைகளில் ஸ்டாக்ஃபிஷ் இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்துவதில்லை.

ஒரு குறுக்குவழி போனாலும் இன்னொன்று கைகொடுக்கிறது. ரூபன் ஃபைனின் எண்ட்கேம் புத்தகத்தில் 70-வது படம் எஞ்சின் எழுதுபவர்களிடையே பிரபலம். வெள்ளைக்கு 4 சிப்பாய், கறுப்புக்கு 3. எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ராஜாக்கள் மட்டுமே நகர முடியும். ராஜா எந்த வழியாகச் சுற்றினாலும் திரும்பத் திரும்ப அதே நிலைகள்தான் வரும். ஒருமுறை அலசிய நிலையின் விடையை நினைவகத்தில் குறித்து வைத்தால் (ஹேஷ் டேபிள் என்பார்கள்) மறுபடி அலச வேண்டாம். அந்த வசதி இருந்தால் ஏ1-இலிருந்து பி1-க்குப் போகும் ராஜாதான் ஜெயிக்கும் என்பது சட்டென்று தெரிந்துவிடும். இல்லையென்றால் எஞ்சின் கிளைக்காட்டுக்குள் வெகுநேரம் அலைய வேண்டியதுதான்.

மூன்றாவது டேபிள்பேஸ். இங்கே ஊகமும் கிடையாது, தேடலும் கிடையாது. எல்லா மேட் நிலைகளையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு நிலைக்கும் வெற்றியா, தோல்வியா, டிராவா என்று எழுதிவைத்த பட்டியல். இன்று பரவலாகப் பயன்படும் சிசிஜி டேபிள்பேஸ் 2018-இல் 7 காய் வரை முழுமையானது (ராஜாக்களையும் சேர்த்துத்தான் 7). சுமார் 17 டெராபைட்; 423 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட நிலைகள்.

இப்போது சிங்கப்பூருக்குத் திரும்புவோம். அந்தச் சமயத்தில் பலகையில் இருந்தவை 11 காய்கள்: ஆளுக்கு ஒரு ராஜா, யானை, பிஷப், சிப்பாய்கள் 3-க்கு 2. யானை எஃப்2-வுக்கு வந்ததும் யானைகளை வெட்டிக்கொள்ளலாம். ஏ8 மூலையில் நின்ற டிங்கின் பிஷப்புக்கு எதிரே குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தால் அதற்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாற்றிக்கொள்ளப்படும். மிஞ்சுவது ராஜாக்களும் 5 சிப்பாய்களும். கூட்டிப் பாருங்கள், சரியாக 7. டேபிள்பேஸ் இணைத்த எஞ்சின் இங்கே யோசிக்கவே வேண்டாம். நாலு நகர்வு தேடினால் விடை எழுதிவைத்த பக்கம் வந்துவிடும். குகேஷும் அதே வழியில்தான் போனார். 58-வது நகர்வோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

டேபிள்பேஸ் விடையைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 1970-களின் பிற்பகுதியில் கென் தாம்ப்சன், ராணிக்கு எதிராக யானை என்ற எண்ட்கேமுக்கு இப்படி ஒரு பட்டியல் தயாரித்தார். ராணிதான் ஜெயிக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. அமெரிக்க சாம்பியன் வால்டர் ப்ரவுன் ராணியோடு உட்கார, யானையைக் கணினி ஆடியது. 31 நகர்வில் முடிய வேண்டிய ஆட்டத்தை, டிரா கோர விதி அனுமதிக்கும் 50 நகர்வுக்குள் அவரால் முடிக்க முடியவில்லை. கணினி, எந்த மனிதனுக்கும் தோன்றாத விதத்தில் யானையை ராஜாவை விட்டு விலக்கி ஆடியது. ப்ரவுன் வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு மறுபடி வந்து ஆடினார். இம்முறை ஜெயித்தது சரியாக 50-வது நகர்வில்!

அதனால் அடுத்த முறை நேரலையில் எஞ்சின் எண்ணைப் பார்க்கும்போது முதலில் காய்களை எண்ணுங்கள். 7 அல்லது அதற்குக் கீழே என்றால், டேபிள்பேஸ் இணைத்திருக்கும் பட்சத்தில், அது முடிந்த தீர்ப்பு. அதற்கு மேலே என்றால், எஞ்சின் எவ்வளவு ஆழம் தேடியிருக்கிறது என்று பாருங்கள். சில காய் மாற்றங்களில் 7-க்கு இறங்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழம் கூடக்கூட எண் அசையாமல் +3-லேயே நின்று, பலகையிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பிஷப்பை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்த அந்த எஞ்சினும் ஜெயிக்கப்போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.