தசைச் சுருக்கத்தில் ஏடிபியின் பணி

தசை சுருங்கும்போது அதன் புரத இழைகளும் குறுகுகின்றன எனக் கருதுதல் இயல்பு. ஆயினும் இழைகளின் நீளம் ஏறத்தாழ மாறுவதில்லை. மெல்லிய ஆக்டின் இழைகள் தடித்த மயோசின் இழைகளுக்கிடையே சறுக்கிச் செல்கின்றன. 1954ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒருபுறம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறம் எனத் தனித்தனியே இக்கருத்தை முன்வைத்தனர்.

நரம்புத் தூண்டலால் எலும்புத் தசைச் செல்லின் உட்பைகளிலிருந்து வெளிப்படும் கால்சியம் அயனிகள் டிரோபோனினுடன் இணைகின்றன. டிரோபோமயோசின் இடம்பெயர, ஆக்டினின் பிணைப்பிடங்கள் திறக்கின்றன. ஏடிபியைப் பிளந்து ஆற்றல் பெற்றிருக்கும் மயோசின் தலை அங்கே பற்றிச் சாய்ந்து, ஆக்டினைச் சில நானோமீட்டர் தொலைவு இழுக்கிறது.

இழுத்த தலை எளிதில் விடுபடுவதில்லை. புதிய ஏடிபி வந்து இணைந்தால்தான் பிடி தளரும். கால்சியத்தை மீண்டும் உட்பைகளுக்குள் ஏற்றவும் ஏடிபி தேவை. இறப்புக்குப்பின் ஏடிபி தீர்ந்துபோக, தலைகள் ஆக்டினைப் பற்றியவாறே நின்றுவிடுகின்றன; உடல் விறைக்கிறது. எனவே பிணவிறைப்பை விடுபட இயலாத பிடிப்பு என்றே கொள்ளவேண்டும். தசை இழுப்பதற்கு ஆற்றல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். தளர்வதற்கும் அது வேண்டும் என்பதே இங்குக் கருதத்தக்கது.